டப்பா காலி, வயிறும் காலி

துவாரகாவில் பல வீடுகள் காலை 8 மணிக்கெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. தகப்பனாரும் தாயாரும் மெட்ரோவில் ஆபீசுக்கு. பெண் பள்ளிக்கூட பஸ்ஸில். மாலையில் டிபன் டப்பா காலியாகத் திரும்பினால் பெண் சாப்பிட்டுவிட்டாள் என்று கணக்கு. தோழிக்குக் கொடுத்த தயிர்சாதமும், காகிதத்தில் சுற்றி எறிந்த இட்லியும்கூட டப்பாவைக் காலியாக்கும்.

பருத்துவிடுவோமோ என்ற பயத்தில் பசியை அடக்கி அடக்கியே உடம்பை அழித்துக்கொள்வது ஒரு நோய். லண்டன் டாக்டர் வில்லியம் கல் 1873-ல் அதற்கு அனோரெக்ஸியா என்று பெயரிட்டார். எலும்பும் தோலுமான பிறகும் தான் குண்டு என்றே நோயாளி நம்புவார். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் இதன் விளைவாக 1983-ல் 32 வயதில் இறந்தார். மேல்நாட்டு வியாதி என்று ஒதுக்குவதற்கில்லை. 2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயது மாணவி ஒருவர் பல மாதங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து உயிரிழந்தார்.

நம் வீடுகளில் இது ஒளிந்துகொள்ள இடம் அதிகம். சஷ்டி, ஏகாதசி என்று விரதம் பெருகினால் பெரியவர்கள் மெச்சுவார்கள். பரீட்சைக் காலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். டில்லிக் குளிரில் ஸ்வெட்டர் உடம்பை மறைத்துவிடும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாட்டிதான் முதலில் திடுக்கிடுவாள். ‘இளைச்சுட்டியே’ என்பது பாட்டிகளின் வழக்கமான பேச்சுதான். ஆனாலும் காதில் வாங்கிக்கொள்வது நல்லது.

எடையைவிட நடத்தையே முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். வேளாவேளைக்கு ‘அப்புறம் சாப்பிடுகிறேன்’ என்பாள். பிறருக்கு ஆசையாய்ச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடமாட்டாள். பிறருக்குக் குளிராதபோதும் நடுங்குவாள். முடி கொட்டும், மாதவிலக்கு நின்றுபோகும். சாப்பிட்ட கையோடு குளியலறையைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிடும் பிள்ளை, வாந்தி எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது புலிமியா என்ற வேறு வகை. இதில் எடை குறையாமலே இருக்கலாம். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். பையன்களுக்கும் இவை வருவதுண்டு.

அதட்டுவதும் வாயில் திணிப்பதும் பயன் தரா. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரிடம் காட்டி, காசநோய், தைராய்டு, நீரிழிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு மனநல மருத்துவர். எய்ம்ஸிலும், தில்ஷாத் கார்டன் இபாஸ் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். ஹிந்தியில் விவரம் சொல்லத் தயங்குபவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பிள்ளை மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ அதற்கெல்லாம் காத்திராமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.