டக் சத்தமும் ராத்திரித் தகடும்

வறுத்த புளியங்கொட்டையை மென்றவர்களுக்குத் தாடை எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூரில் புளிக்கும் பஞ்சமில்லை, கொட்டைக்கும் பஞ்சமில்லை. ஒரு கை அள்ளிப்போட்டு மென்ற ஒரு சாயங்காலம் என் வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்றது. இரண்டு வாரத்தில் வலியும் சேர்ந்துகொண்டது. காதுவலி என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டதுதான் மிச்சம்.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு புரளும். கதவுக் கீல் மாதிரி திரும்புவதோடு அது நிற்காது. வாயை அகலத் திறந்தால் மேசை டிராயர் மாதிரி முன்னால் வழுக்கும். மண்டையோட்டுக்கும் தாடைக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறும். அந்த ஏற்றம்தான் ‘டக்’. சத்தம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். வலி இருந்தாலோ, வாய் பூட்டிக்கொண்டாலோ, மூன்று விரல்களை நிமிர்த்தி வைக்கிற அளவுக்கு வாய் திறக்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பல் இல்லாததால் தாடை பின்னால் அழுந்திக் காதுத் தொல்லை வருகிறது என்று எழுதினார். அந்த விளக்கம் பிறகு நிற்கவில்லை. ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் கடியைச் சரிசெய்தால் தாடை மூட்டு சரியாகும் என்ற எண்ணம் இன்னும் சில கிளினிக்குகளில் உலவுகிறது.

எனக்குப் பல் மருத்துவரிடம் கிடைத்தது ராத்திரியில் மேல்வரிசைப் பல்லில் மாட்டிக்கொள்ளும் கெட்டியான அக்ரிலிக் தகடு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்து அளவு எடுத்தார்கள். அதில் ஜிப்சம் மாவைக் குழைத்து வார்த்து, அந்த வார்ப்பின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தகடு செய்தார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நீல நிறத் தாளைப் பல்லுக்கிடையில் வைத்து, “கடிங்க, தேச்சுக் காட்டுங்க” என்றார் மருத்துவர். தகட்டில் புள்ளிகள் விழுந்தன, எல்லாம் ஒரே பக்கத்தில். அவற்றை ராவினார், மறுபடி தாள், மறுபடி ராவல்.

நழுவிய வட்டை இந்தத் தகடு இடத்தில் தூக்கி வைக்காது. ராத்திரி நறநறப்பைப் பல்லுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளும். சிலருக்குத் தசையின் இறுக்கமும் தளரும். வலியை நிச்சயம் போக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே 2004-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆகவே இதன் பெரிய சிறப்பாக எனக்குப் படுவது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதுதான். பல்லையே ராவிவிட்டால் திரும்ப வராது. முன்பல்லை மட்டும் மூடும் தகட்டை நாளெல்லாம் மாட்டியிருந்தால் பின்பற்கள் மெல்ல வளர்ந்து கடியே மாறிவிடும்.

பாதிப் பலன் கைவைத்தியத்தில் கிடைத்தது. வெந்நீர்த் துணி ஒத்தடம், சாமைக் கஞ்சி, பகலில் பல்லோடு பல் ஒட்டாமல் உதடு மட்டும் மூடியிருக்கும் பழக்கம். தகட்டை மட்டும் வெந்நீரில் போடக்கூடாது, கோணிக்கொள்ளும்.

தகட்டுக்காக மலையிறங்கிப் போனது மூன்று தடவை. ஒவ்வொரு வளைவிலும் பஸ் குலுங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் தடவை இடப்பக்கம் நான்கு புள்ளி, வலப்பக்கம் நான்கு. மருத்துவர் நீலத் தாளைக் குப்பையில் போட்டார்.