வேலியோரத்துக் கீரைப்பாத்தி

கல்முனைக் கடற்கரையோரத்து வளவுகள் மிகச் சிறியவை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மதிலோ வேலியோதான் உண்டு. ஆயினும் கிணற்றடியில் ஒரு கீரைப்பாத்திக்கு இடமில்லாத வீடு அரிது. குளிர்நாடுகளில் விளையும் கேல் எனும் இலைக்கோவாவின் பெருமையை இன்று பலரும் பேசுகின்றனர். நமது வெயிலுக்கும் மணலுக்கும் அது எளிதில் இசையாது. நமக்கு ஆண்டவர் அருளியவை முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி ஆகியவையே.

மணல் நிலம் நீரைத் தங்கவிடாது. ஆதலால் பாத்தியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைப் புதைத்து, மேலே சருகும் நன்கு மக்கிய மாட்டெருவும் மண்ணும் கலந்து இடுதல் நம் முன்னோரின் வழக்கம். முளைக்கீரை விதை மிகச் சிறியது. உலர்ந்த மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. மாரி மழை விதைகளை அடித்துச் செல்லுமாகையால், அக்காலத்தில் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் கீரை சட்டிக்கு ஆயத்தம். பொன்னாங்காணிக்கோ விதையும் வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய பிடியிலிருந்து முற்றிய தண்டுகளை ஊன்றினாலே வேர் பிடிக்கும். அறுக்கும்போது அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும்; வேரோடு பிடுங்கினால் அன்றைய கறியோடு அது முடிந்தது.

வளவில் ஒரு மூலையைக் கொத்தாமல் விடுவதும் நன்று. குப்பைக்கீரையும் சாரணையும் அங்கே தாமாக முளைக்கும். அசிசியாரும் துறவுமடத் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விடச் சொன்னார் என்பதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் நினைவுகூர்ந்துள்ளார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் இந்த வளவுகளுக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்கள் மாண்டன. எஞ்சியோரின் கிணறுகள் உவர்நீராயின. இங்கே நன்னீர், பாரமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அவசரப்பட்டு இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்பே மேலெழுந்தது. மழை பெய்து மண்ணைக் கழுவும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நாள்களில் தற்காலிகக் கொட்டகையொன்றில் வாழ்ந்த ஒரு தாயார் தமது அனுபவத்தை என்னிடம் கூறினார். அயலிலிருந்த முஸ்லிம் ராத்தா ஒருவர், உப்பேறாத தம் கிணற்றில் நீரள்ள இடங்கொடுத்ததோடு, ஒரு பிடி பொன்னாங்காணித் தண்டையும் தந்தாராம். இவர் அதைக் கொட்டகையோரத்தில் ஊன்றினார். “நமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஏன் நடுகிறாய்?” என்று உறவினர் கேட்டனர். “பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஒரு சுண்டலாவது வேண்டாமா?” என்றார் இவர்.

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடலை இங்கே எண்ணிப் பார்க்கின்றேன். வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்றதோடு அவர் நிறுத்தவில்லை. அந்நகரின் நலனுக்காக மன்றாடவும் பணித்தார். அதன் நலனில்தான் அவர்களின் நலனும் அடங்கியிருந்தது (எரே 29).

திருவிவிலியத்தில் வேறொரு கீரைத்தோட்டமும் உண்டு. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? அரண்மனைக்கு அருகில் இருந்தமையால் அதைக் காய்கறித் தோட்டமாக்குவதற்கே! முன்னோரின் உரிமைச் சொத்தை நாபோத்து கொடுக்க மறுத்தார். பொய்ச்சாட்சியால் கல்லெறியுண்டு மடிந்தார் (1 அர 21). ஒரு பிடி கீரைக்காகவும் குருதி சிந்தப்படும் என்பது எனக்கு எப்போதும் அச்சந்தரும் பகுதி.

நிலமும் எல்லையும் நம் பகுதியில் ஆறாத புண்கள். 2019 ஜூனில் பிரதேச செயலகப் பிரச்சினைக்காகக் கல்முனையில் உண்ணாவிரதமும் எதிர்ப்பும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், மதிலுக்கு மேலான பேச்சு பல வீடுகளில் நின்றுபோயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்தோரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம்?

2022இல் விலைவாசி வானளாவியது. ஜூனில் அரசு ஊழியருக்குப் பயிர்செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறையே வழங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், ஏப்ரலில், தவக்காலமும் ரமழானும் ஒன்றாக வந்திருந்தன. மேற்சொன்ன தாயாரின் புதிய வீட்டில், அந்தப் பழைய தண்டின் வழிவந்த பொன்னாங்காணி இன்னும் தழைத்து நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளை நோன்புக் கஞ்சி கொண்டு வந்தாள். இறைச்சிக் கஞ்சியாயிற்றே, எப்படி மறுப்பது என்று தாயார் தயங்கினார்.

“இது உங்களுக்கெண்டு உம்மா இறைச்சி போடாம வேறாகக் காய்ச்சினது, மாமி” என்றாள் பிள்ளை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. தாயார் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.