மலையேறும் பழைய ஓட்டோமெற்றிக் வாகனங்கள்: கியர்பெட்டி சூடேறாமல் காப்பது எப்படி?

நுவரெலியா வசந்த காலத்துக்கு வரும் வான்களில் பல யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தவை. எல்லோரும் சுற்றுலா வருபவர்கள் அல்லர். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள், ராகலை, வலப்பனைத் தோட்டங்களில் உள்ள சொந்தங்களின் நல்லது கெட்டதுக்கு இன்றும் வான் பிடித்து வருகின்றன. அந்த வான்களில் பல 25, 30 வருடப் பழையவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் எல்லோரும் ஓடினோம்.

வலப்பனையில் வாகனம் திருத்தும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது, கறுத்துப்போய்த் தீய்ந்த மணத்துடன் வடியும் கியர் ஒயில். ஏ9 வீதியில் குறையே காட்டாத வாகனம் இங்கே வந்து படுத்துவிடுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய யாழ்ப்பாணத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் பழைய கியர்பெட்டிக்கு உண்மையான சோதனை வருகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

கையால் கியர் மாற்றும் வாகனத்தில் கிளச் தட்டு இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் நேரே இணைக்கிறது. ஓட்டோமெற்றிக்கில் அந்த வேலையை டோர்க் கன்வேர்ட்டர் செய்கிறது. எதிரெதிரே உள்ள இரண்டு விசிறிகளில் ஒன்று ஒயிலைத் தள்ள, அந்த ஒயில் மற்றதைச் சுழற்றுகிறது. சமதரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். ஆட்களை நிறைத்துக்கொண்டு ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது முதல் விசிறி வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் ஒயிலில் சூடாக இறங்குகிறது.

இந்த ஒயில் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது இத்தொழிலில் சொல்லப்படும் கணக்கு. சூடு ஏற ஏற இறப்பர் சீல்கள் இறுகி ஒயில் கசியும். பின் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் வழுக்கித் தீயும்.

ஏறும்போது

கியரை ‘டீ’யில் போட்டு அக்சிலரேற்றரை அழுத்திக்கொண்டே ஏறுவதுதான் சமதரைச் சாரதிகள் பலரின் வழக்கம். ஏற்றம் தொடங்குமுன் ஓவர்டிரைவை நிறுத்திவிடுங்கள். செங்குத்தான இடத்தில் 2 அல்லது லோ கியருக்கு வாருங்கள். இயந்திரச் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். கன்வேர்ட்டரில் வழுக்கல் குறைந்து, சூடும் குறையும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் அக்சிலரேற்றரால் வாகனத்தைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள்.

இயந்திரம் உறுமியும் வேகம் ஏறாவிட்டால், கியர் தாமதமாக விழுந்தால், தீய்ந்த மணம் வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஏசியை நிறுத்தி, கியரைப் பார்க்கிங்கில் போட்டு, இயந்திரத்தைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். அப்போதுதான் ஒயில் சுற்றிவந்து ஆறும். ரேடியேற்றர் கொதித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். வாகனம் ஓடாமலே போனால், இயங்கு சில்லுகள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இயந்திரம் நின்றால் ஒயில் பம்பும் நிற்கும். கியர்பெட்டி வறண்டு அரைபடும்.

இறங்கும்போது

டீசல் மிச்சம் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகிறார்கள். இயந்திரம் வாகனத்தைப் பிடித்துவைக்கும் சக்தி அப்போது இல்லாமல் போகிறது. முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் கொதித்தபின் மிதித்தாலும் பிடிக்காது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ், வான், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்தார்கள். இப்பாதைகளில் ஒரு வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் எதிரே வருபவரும் தப்பமாட்டார். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது எங்கள் ஊர்ச் சாரதிகளின் பழைய விதி. ஓட்டோமெற்றிக்குக்கும் அதுவே பொருந்தும்.

புறப்படுமுன்

கியர் ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுப்பாக, தீய்ந்த மணத்துடன் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அளவு பார்க்கும் முறை வாகனத்துக்கு வாகனம் மாறும். பல டொயோட்டாக்களில் இயந்திரம் சூடாக ஓடும்போதும், ஹொண்டாக்களில் நிறுத்திய உடனேயும் பார்க்க வேண்டும். கைநூலில் சொன்ன வகை ஒயிலை மட்டும் ஊற்றுங்கள்.

ரேடியேற்றரையும் கவனியுங்கள். பெரும்பாலான வாகனங்களில் கியர் ஒயில் ஆறுவது அதற்குள் செல்லும் குழாயில்தான். அது அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். ரேடியேற்றர் நீரோ கியர் ஒயிலோ பால் கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உள்ளே இரண்டும் கலந்துவிட்டன. வாகனத்தை எடுக்கவே வேண்டாம்.

ஒரு வானை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஒயில் மாற்றும் செலவைப் பின்போட்டால், கடைசியில் கியர்பெட்டியையே மாற்ற வேண்டி வரும். பாரம் ஏற்றி மலையேறும் வாகனத்துக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையாவது ஒயில் மாற்றிவிடுங்கள்.