பழைய லேண்ட் ரோவருக்குப் புது எஞ்சினா? கணக்குப் பார்த்துக் கையை வையுங்கள்!

தோட்டப்புறத் தோழர்களே! பத்தாங் காலி, ராசா, உலு யாம், செரெண்டா வட்டாரத்திலும், அந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வரையிலும் நம்மவர் பலரிடம் இன்று ஒரு பழைய நான்கு சக்கர இழுவை வண்டி இருக்கிறது. தோட்டம் ஏலத்தில் விட்ட லேண்ட் ரோவராக இருக்கும். அல்லது யாரோ கைமாற்றி விட்ட வண்டியாக இருக்கும். சொந்தமாக இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் குலை ஏற்றுகிறார். குத்தகைக்குப் புல் வெட்டுபவர் ஆளையும் மருந்துத் தொட்டியையும் ஏற்றுகிறார். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றது.

இப்படிப்பட்டவர்கள் நம் சங்கப் பணிமனைக்கு வரும்போது, சம்பளப் பேச்சு முடிந்த கையோடு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அண்ணே, பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வச்சிடலாமா?" 55 வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணத்தில் கைவைக்கிற விஷயம் இது. ஆகவே, விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது.

வண்டி வந்த கதை

லேண்ட் ரோவர் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1948 ஏப்ரல் 30-ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. போலீசும் இராணுவமும் துரைமார்களும் இந்த வண்டியைத்தான் நம்பினார்கள். 1951 அக்டோபர் 6-ஆம் நாள், கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில் ஆங்கிலேய ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் காருக்கு முன்னே போலீஸ்காரர்களை ஏற்றிச் சென்றதும் ஒரு லேண்ட் ரோவர்தான்.

துரை பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போன வண்டி அது. அதன் அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவர்கள் நம் தகப்பன்மார். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராகவும் டிரைவராகவும் இருந்த நம்மவர்களுக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். எந்தக் கல்லூரியும் கொடுக்காத படிப்பு அது. எஞ்சின் மாற்றும் கைவேலையும் அந்தப் பட்டறைகளில்தான் நம்மவர்க்குக் கைவந்தது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கு இன்றும் 1950-களின் லேண்ட் ரோவர்கள் ஏறுகின்றன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் அவை. பலவற்றின் வயிற்றில் இப்போது இருப்பது மகேந்திரா டீசல் எஞ்சின். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கிய பிறகு, இந்தியாவில் எத்தனையோ பெட்ரோல் லாரிகள் டீசலுக்கு மாறின. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு இடமில்லை. முறையாகச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் மட்டும் மாறினால் போதுமா?

நம் நாட்டில் பலரும் தேடுவது இசுசு 4ஜேபி1 எஞ்சின். 2,771 சிசி, நான்கு சிலிண்டர். கம்ப்யூட்டர் பெட்டி வேண்டாம்; பம்பும் நோசலும் சரியாக இருந்தால் ஓடும். லேண்ட் ரோவரின் பழைய 2,286 சிசி எஞ்சினுக்கு நல்ல சாமான் தேடி அலைவதைவிட இது மேல் என்பது உண்மையே. ஆனால் எஞ்சினை இறக்கி ஏற்றுவது வேலையில் பாதிதான். மறு பாதியைப் பாருங்கள்.

முதலாவது, இணைப்பு. புது எஞ்சினின் பின்புறமும் பழைய கியர்பாக்ஸின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவே கனமான இரும்புத் தட்டு கடைசல் பிடித்துப் போட வேண்டும். அது மயிரிழை கோணினாலும் கிளட்சும் கியர் தண்டும் சீக்கிரம் தேயும். நல்ல கடைசல் பட்டறையில் செய்யாமல், வெல்டிங்கில் ஒப்பேற்றுகிறவனிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, பிரேக். இதைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் குழாயில் ஒரு வெற்றிழுப்பு உண்டாகும். பிரேக் சர்வோ உள்ள வண்டியில் அந்த இழுப்புதான் காலுக்குப் பலம் கொடுக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. அதற்குத் தனி வேக்குவம் பம்பு வேண்டும். பல இசுசு எஞ்சின்களில் அந்தப் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். காசு மிச்சம் என்று வேறு ஆல்டர்னேட்டரைப் போட்டுவிட்டால், உலு யாம் இறக்கத்தில் மிதிக்கும் பிரேக் கட்டை மாதிரி இருக்கும். மேலும், பழைய லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். எஞ்சின் பலம் கூடுகிறது, பிரேக் பழையபடியே இருக்கிறது என்றால், கூடின பலம் யாரைக் கொல்லப் போகிறது?

மூன்றாவது, மின்சாரம். சிறிய லாரியிலிருந்து கழற்றிய எஞ்சின் என்றால் ஸ்டார்ட்டரும் குளோ பிளக்கும் 24 வோல்ட்டாக இருக்கலாம். உங்கள் வண்டி 12 வோல்ட். எல்லாவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும்.

நான்காவது, எண்ணெய் வழி. பெட்ரோல் வண்டியாக இருந்தால், நோசலில் மிஞ்சும் டீசல் டாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய் புதிதாகப் போட வேண்டும். தண்ணீர் பிரிக்கும் பில்டரும் அவசியம்.

ஐந்தாவது, பின் ஆக்சில். பழைய லேண்ட் ரோவரின் பின் ஆக்சில் தண்டு உடைவதற்குப் பேர்போனது. குலையை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு, சேற்றில் புது எஞ்சினை முறுக்கினால் அது முறியும்.

இன்னொன்று. லயத்து மாமரக் கிளையில் கயிறு கட்டி எஞ்சினைத் தூக்குகிற வீரம் வேண்டாம். இருநூறு கிலோ இரும்பு கீழே விழுந்தால் கால் திரும்ப முளைக்காது. செயின் பிளாக்கும் உறுதியான இரும்புச் சட்டமும் வேண்டும்.

டாங்கிக்குள் நம் உழைப்பு

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம் நாட்டில் 2019 முதல் வண்டிகளுக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. 1917-இல் இதே கோல சிலாங்கூர் மண்ணில், தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நம்மவர் வெட்டிச் சுமந்த குலை, நம் வண்டி டாங்கிக்கே வந்து சேர்ந்திருக்கிறது!

ஆனால் இந்தக் கலப்பு டீசல் பழைய டாங்கியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்து இழுத்து வரும். பழைய ரப்பர் குழாய்களையும் இளக்கும். ஆகவே, டாங்கியைக் கழுவிக் குழாய்களைப் புதிதாகப் போடுங்கள். முதல் பில்டரைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

காசுக் கணக்கு

"டீசல் மலிவு" என்பது பழைய பேச்சு. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. பிறகு உலக விலைக்கேற்ப ஏறி இறங்கி வருகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு, மாத வரம்புக்குள், ரோன் 95 பெட்ரோலை 1 வெள்ளி 99 காசுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். பழைய பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 6 கிலோமீட்டர், புது டீசல் எஞ்சின் 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1.99 விலையில் ஏறக்குறைய 33 வெள்ளி. டீசல் 3.35 விலையில் 33 வெள்ளி 50 காசு. மிச்சம் எங்கே? டீசல் 10 காசு இறங்கினால் 100 கிலோமீட்டருக்கு டீசல் செலவு ஒரு வெள்ளி குறையும், அவ்வளவுதான்.

பழைய 2.15 விலையிலேயே பார்த்தாலும், அன்றைய பெட்ரோல் விலை 2.05-ஐ வைத்து, மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 63 வெள்ளிதான் மிஞ்சியிருக்கும். மொத்தச் செலவு 8,000 வெள்ளி என்றால், போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே, எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்க எஞ்சின் மாற்றாதீர்கள். பழைய எஞ்சின் செத்துவிட்டது, சாமான் கிடைக்கவில்லை, வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

கிரானில் ஏறாத எஞ்சின் உங்களுடையதல்ல

தோட்டத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். பட்டறைக்காரர் சொல்லை நம்பி எஞ்சின் வைத்து, இரண்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார். ஒருநாள் சாலைச் சோதனையில் எஞ்சின் எண்ணும் கிரானில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. "ரசீது எங்கே?" என்று கேட்டார்கள். ரசீது இல்லை. வண்டி போய்விட்டது. அவர் திருடவில்லை, ஆனால் திருடவில்லை என்று காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. குலை அறுத்து வரப்பில் கிடந்து அழுகியது.

ஆகவே, வரிசை இதுதான். முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் விசாரித்து அனுமதி வாங்குங்கள். இரண்டாவது, எஞ்சின் எண் எழுதிய ரசீதையும், வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்றால் சுங்கத் தாளின் நகலையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அந்த எஞ்சின் வேண்டாம். மூன்றாவது, வேலை முடிந்ததும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டுங்கள். நான்காவது, எஞ்சின் எண், சிசி, டீசல் என்ற விவரம் மூன்றும் பதிவில் ஏறியதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சிசி மாறினால் சாலை வரியும் மாறும். ஐந்தாவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நாளில் அவர்கள் கைவிரிக்க நாமே வழி செய்து கொடுத்தது போலாகும்.

இதில் ஆதாயமும் உண்டு. 2024-இல் டீசல் விலை ஏறியபோது, தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை தொடங்கினார்கள். வண்டிக்காரராக மனுப் போடுபவரின் வண்டி பதிவில் டீசல் வண்டியாக இருக்க வேண்டும். சாலை வரியும் கட்டியிருக்க வேண்டும். கிரானில் இன்னும் "பெட்ரோல்" என்றே இருந்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. இன்றைய நிபந்தனைகளைக் கேட்டறிந்து மனுப் போடுங்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

குத்தகைக்காரரின் வண்டியில் வேலைக்குப் போகும் பெண்களே, ஆண்களே! அந்த வண்டியில் எஞ்சின் மாற்றியிருந்தால் கேளுங்கள்: "பிரேக் பார்த்தாச்சா? இன்சூரன்ஸ் இருக்கா?" கேட்பது மரியாதைக் குறைவல்ல. உங்கள் பெயருக்கு சொக்சோ சந்தா கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

தோழர்களே! ஒரு காலத்தில் துரையின் வண்டியைத் தள்ளிவிட்டவர்கள் நாம். இன்று அதே வண்டியின் சாவி நம் கையில் இருக்கிறது. எஞ்சினைப் பிட்டர் பார்த்துக்கொள்வார். ரசீதையும் கிரானையும் பிரேக்கையும் நீங்களே பாருங்கள். சந்தேகம் இருந்தால், பணம் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்னால் சங்கப் பணிமனைக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.