தனித்து வாழ்வது வேறு, தனிமை வேறு: கொல்கத்தாவின் 'அட்டா' உணர்த்துவது என்ன?

கொல்கத்தாவின் பழைய வீடுகள் பலவற்றில் தெருவை ஒட்டி ஒரு திண்ணை இருக்கும். அதற்கு 'ரோவாக்' என்று பெயர். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்தார் அங்கு கூடி, கால்பந்து முதல் அரசியல் வரை பேசித் தீர்ப்பர். இந்த உரையாடலை வங்காளிகள் 'அட்டா' என்கின்றனர்.

அந்தத் திண்ணைகள் இன்று குறைந்து வருகின்றன. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. பிள்ளைகள் வேலைக்காக பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, பெற்றோர் மட்டும் நகரில் எஞ்சுகின்றனர்.

இவ்வாறு தனித்து வாழும் முதியோருக்காகக் கொல்கத்தா காவல்துறை 2009-ஆம் ஆண்டு முதல் 'பிரணாம்' என்ற திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. பதிவு செய்தோரின் வீடுகளுக்குக் காவலர்கள் சென்று நலம் விசாரிக்கின்றனர். அவசர மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்யப்படுகிறது. ஆனால், பாதுகாப்பை வழங்கும் திட்டத்தால் நட்பின் இடத்தை முழுமையாக நிரப்ப இயலாது.

என்ன வேறுபாடு?

தனித்து வாழ்வது ஒரு வாழ்க்கைச் சூழல். தனிமை என்பது, விரும்பும் உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் இடையிலான வெற்றிடத்தால் எழும் உணர்வு. தனியாக வசிக்கும் ஒருவர் நண்பர்கள் சூழ நிறைவாக வாழலாம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர், பேச ஆளின்றித் தவிக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 6 சதவீதத்தினர் தனித்து வாழ்வதாக 2017-18-ஆம் ஆண்டின் தேசிய முதியோர் ஆய்வு கூறுகிறது. எனினும், தனிமையின் பரப்பு இதைவிடப் பெரியது. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு சுமார் 8.71 லட்சம் உயிரிழப்புகள் அதனுடன் தொடர்புடையவை என்றும் உலக சுகாதார அமைப்பு 2025-ஆம் ஆண்டு ஜூனில் தெரிவித்தது. இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயத்தையும் தனிமை அதிகரிக்கிறது.

நட்பு ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938 முதல் நடத்திவரும் ஆய்வில், 50 வயதில் உறவுகளில் மனநிறைவுடன் இருந்தோரே 80 வயதில் கூடுதல் ஆரோக்கியத்துடன் இருந்தது தெரியவந்தது.

நண்பர்களுக்கு இடையே மற்றொரு பயனும் உண்டு. வழக்கமாக வருபவர் இரண்டு நாள்கள் வரவில்லை எனில், முதலில் கவனிப்பவர் நண்பரே. கதவைத் தட்டிப் பார்ப்பவரும் அவரே.

நட்புகள் பெரும்பாலும் சண்டையால் முறிவதில்லை. 'பிறகு பேசலாம்' என்று தள்ளிப்போடுவதால் தேய்கின்றன. மூட்டு வலியும் செவித்திறன் குறைவும் முதியோரை வீட்டுக்குள் முடக்குகின்றன. எனவே, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சந்திக்கும் வழக்கமே நட்பைக் காக்கிறது. அது பூங்காவாகவோ, தேநீர்க் கடையாகவோ, அடுக்குமாடியின் கீழ்த்தளமாகவோ இருக்கலாம்.

உதவி தேவைப்படும் முதியோர் 14567 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் செயல்படும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.