பழைய ஸ்நான அறை ஜலதாரையும் மீன் தொட்டியும்

புதிய ஸ்நான அறை கட்டிய வீடுகளில் பழைய அறையின் ஜலதாரை பெரும்பாலும் வீணே கிடக்கிறது. அலங்கார மீன் வளர்ப்போர் தொட்டி நீரைக் கழிக்கவும், அந்நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் அதனை உபயோகிக்கலாம்.

இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி ஆழமுமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் நீர் கொள்ளும். வாரந்தோறும் அதில் நாலிலொரு பங்கை, அதாவது 14 லிட்டரை, மாற்றுதல் நலம். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா மீன்களுக்கே நஞ்சாகும். நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் பயிருக்கு உணவு. ஆகவே கழிக்கும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓரளவு உரமுமாகிறது.

முதலில் ஜலதாரையிற் படிந்த சோப்பையும் அழுக்கையும் சுரண்டிக் கழுவுதல் வேண்டும். பின்னர் அதில் சோப்பு நீரோ பினாயிலோ ஊற்றலாகாது. வளைகுழாயில் இரண்டங்குல நீர் எப்போதும் நிற்கவேண்டும். அது வற்றினால் துர்நாற்றமும் பூச்சிகளும் உள்ளே புகும். தொட்டி நீரை இறக்கும் குழாயின் முனை ஜலதாரையில் அமிழாமல் மேலே நிற்றல் அவசியம். மழைக்காலத்தில் அழுக்கு நீர் எதிர்த்து ஏறினாலும் அப்போது தொட்டியை எட்டாது.

உப்பிட்ட நீரையும், மருந்திட்ட நீரையும் பயிருக்கு விடலாகாது. பாய்ந்த நீர் தேங்கினால் கொசு பெருகும்.

துவாரத்தை நெருக்கமான வலையால் மூடுதல் மிக முக்கியம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் போன்றவை தப்பிச் சென்று ஏரி குளங்களிற் பெருகினால் நாட்டு மீன்களுக்குக் கேடு விளையும். ஜலதாரையின் கடைவாய் கிணற்றையோ ஊருணியையோ நோக்கியிராதபடி வீட்டுக்காரரும் கிராம அதிகாரிகளும் கவனித்தல் கடமையாகும்.