காசு மேசையில் ஒரு மணி பிளான்ட்

புறக்கோட்டையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு பொருட்கள் கண்ணில் படும். ஒன்று கல்குலேட்டர். மற்றது, காசு மேசையின் மூலையில் பழைய ஜாம் போத்தல் ஒன்றில் நிற்கும் மணி பிளான்ட். இரும்புக் கடை, புடவைக் கடை, பலசரக்குக் கடை என்ற பேதம் இல்லை. எனது கடையிலும் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. கணக்கு வழக்குகளைப் பற்றியே எழுதி வந்த இப்பத்தியில் இம்முறை அந்தப் போத்தலைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

பெயரில் 'மணி' இருப்பதால் காசு வரும் என்று யாரோ கிளப்பி விட்டார்கள். அது போதாதென்று, களவெடுத்து வந்து நட்டால்தான் செழிக்கும் என்று இன்னொரு கதை. எங்கள் கடைக்கு வந்த முதல் கொடியை, அப்போது வேலை செய்த பையன் ஒரு வங்கியின் படிக்கட்டில் இருந்து ஒடித்து வந்திருக்கிறான். எனக்கு அது தெரிய வந்தது வெகு காலத்துக்குப் பின்னர். ஹலாலான தொழிலில் பரகத் தேடுகிறவனின் மேசையில் களவுக் கொடி! சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, கடைக்கு வந்து கொடி வாடினால் வியாபாரம் வாடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உண்மையில் இந்தச் செடிக்கும் செல்வத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பசுபிக் சமுத்திரத்தில் தஹிட்டிக்குப் பக்கத்தில் உள்ள மூரேயா என்ற சிறு தீவுதான் இதன் ஊர். இது பூப்பதே மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஹோர்மோனை இந்தச் செடியால் சரிவரத் தயாரிக்க முடிவதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லையென்றால் விதையும் இல்லை. ஆகவே உலகம் முழுவதும் வீடுகளிலும் கடைகளிலும் நிற்பவை எல்லாம் ஒரு கொடியில் இருந்து இன்னொருவர் வெட்டிக் கொடுத்து வந்தவைதான். கேட்டால் யாரும் தருவார்கள், களவெடுக்கத் தேவையே இல்லை.

சரி, 2017ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த வருடம் நாட்டில் டெங்கு நோயாளர்களின் எண்ணிக்கை 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியது. அதில் ஒருவன் என் கடைப் பையன். மூதூர்ப் பிள்ளை, கடையின் மேல் மாடியில்தான் தங்கியிருந்தான். ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனுடைய உம்மா ஒவ்வொரு இரவும் தொலைபேசியில், "ஹாஜியார், இரத்தம் எவ்வளவுக்கு இறங்கியிருக்காம்?" என்று கேட்கும்போது எனக்குப் பதில் சொல்ல நா எழாது.

அதே வாரம் பொது சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தார். கூரைப் பீலி, பின்பக்கத்து வாளி எல்லாம் சுத்தமாக இருந்தன. போகிற போக்கில் என் மேசையில் இருந்த போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முதலாளி, இதுக்குக் கடைசியா எப்ப தண்ணி மாத்தினீங்க?" என்றார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்து கொண்டிருந்தன. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி வழக்குப் போட்டிருக்கலாம், எச்சரித்து விட்டார். பையனுக்கு எந்த நுளம்பு கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போத்தல் இருந்தது என் கைக்கு எட்டும் தூரத்தில். அல்ஹம்துலில்லாஹ், பையன் சுகமாகி வந்தான்.

அதன் பிறகுதான் அதை ஒரு செடியாகப் பார்க்கத் தொடங்கினேன். தண்ணீரில் வைப்பதென்றால் வாரம் ஒரு முறை தண்ணீரை ஊற்றி விட்டால் மட்டும் போதாது. ஈடிஸ் நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் உட்சுவரில். காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக் கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தூரிகையால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்து விடுவது இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் சாடிக்கு மாறுங்கள். அடியில் துவாரம் உள்ள சாடி, மண்ணோடு தும்புச் சோறும் கொஞ்சம் கூட்டெருவும். கொடியை வெட்டும்போது ஒரு கணுவாவது இருக்க வேண்டும். வேர் வருவது கணுவில் இருந்துதான், வெறும் இலையை நட்டால் இலையாகவே இருந்து அழுகும். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பின் தண்ணீர் விட்டால் போதும். இலை மஞ்சளாகிறது என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரும்பாலும் தண்ணீர் கூடியதால்தான் அது மஞ்சளாகிறது. சாடிக்குக் கீழே வைக்கும் தட்டையும் மறக்க வேண்டாம், அதுவும் நுளம்புக்கு வீடுதான்.

கடையின் உள் இருட்டில் வைத்தால் சாகாது, ஆனால் இலையில் உள்ள மஞ்சள் வரிகள் மங்கி வெறும் பச்சையாகி விடும். நேர் வெயில் படாத யன்னல் ஓரம் நல்ல இடம். தொங்க விட்டால் இலை சிறுக்கும், தும்பு சுற்றிய கம்பில் ஏற விட்டால் பெருக்கும். நம் ஊர்களில் பலா மரத்தில் ஏறிய கொடியின் இலை சுளகு போல் விரிந்து கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதே செடிதான். புடவைக் கடைகளில் பஞ்சுத் தூசு இலையை மூடிவிடும். ஈரத் துணியால் துடையுங்கள். மினுக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள், அது தூசை இன்னும் பிடித்து வைக்கும்.

நண்பர் ஒருவரின் மகள் வீட்டில் இருந்தே இவற்றைச் சிறு சாடிகளில் வளர்த்து விற்கிறாள். முதலீடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாடி, மண், பொறுமை. "செல்வம் தரும் செடி என்று லேபல் அடித்தால் கூட விலை போகுமே மாமா?" என்று என்னிடம் கேட்டாள். போகும்தான். ஆனால் இல்லாத குணத்தைச் சொல்லி விற்பதும் இருக்கிற குறையை மறைத்து விற்பதும் ஒன்றே என்றேன். இதில் குறையும் இருக்கிறது. இலையைச் சிறு பிள்ளை கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், பூனைக்கும் ஆகாது. அதை எழுதச் சொன்னேன். முகம் சுருங்கியது. இப்போது அவளுடைய ஒவ்வொரு சாடியிலும் "சிறுவர்களுக்கு எட்டாமல் வைக்கவும், வாரம் ஒருமுறை தட்டைக் கழுவவும்" என்ற சிறு அட்டை தொங்குகிறது. விற்பனை குறையவில்லை என்கிறாள்.

எங்கள் கடையில் அந்த மூதூர்ப் பையன்தான் இப்போது செடிக்குப் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுமுன் போத்தலைத் தேய்த்துக் கழுவுவான். வாடிக்கையாளர் யாராவது கொடியைத் தொட்டுப் பார்த்தால், கேட்கும் முன்னரே கத்தரிக்கோலை எடுத்து விடுவான்.